மூன்றாம் மேசையின் கழுத்தளவு

குடிநீர் வழங்கல் துறையின் புகார் அறையில் பன்னிரண்டு மேசைகள். அங்கே வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே பெயர் போய்விடும், மேசை எண் வந்து ஒட்டிக்கொள்ளும். இது மூன்றாம் மேசையின் கதை. பதினாறு வருடமாக அந்த மேசையில் உட்கார்ந்து, எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை, எந்தத் தெருவில் வந்த தண்ணீர் நிற்கவில்லை என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தவள் அவள். வீட்டில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அலுவலகத்தில் அதற்குத் தேவை வரவில்லை.

வேலை என்னவோ பார்ப்பதற்குச் சுலபம்தான். மேசைக்கு ஒரு கைபேசி, செங்கல் பருமனில் இருக்கும், மேசைக் காலோடு சங்கிலி போட்டுக் கட்டியிருக்கும். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கத் தடை. ஒருவர் சொல்லும் புகார் பன்னிரண்டு பேர் காதில் விழுந்தால் அது பன்னிரண்டு புகாராக ஆகிவிடும் என்று பழைய சுற்றறிக்கை ஒன்று எச்சரித்திருந்தது. வலது கையால் பதிவேட்டில் எழுத வேண்டும். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுவதால் இடது கையால் பக்கத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். கைபேசியை எதனால் பிடிப்பது என்று மட்டும் எந்தச் சுற்றறிக்கையும் வாய் திறக்கவில்லை.

மற்ற மேசைகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தன. மணி அடித்ததும் எடுத்து, "சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கைபேசியை மேசையில் கவிழ்த்துவிட்டு, 'தண்ணீர் வரவில்லை' என்று எழுதிவிடுவார்கள். பத்துக்கு ஒன்பது சரியாகவே இருக்கும். பத்தாவது ஆள் எப்படியும் மறுநாள் திரும்பக் கூப்பிடுவார். மூன்றாம் மேசைக்கு அந்தச் சாமர்த்தியம் கடைசிவரை வரவில்லை. அவள் உண்மையிலேயே கேட்டாள். இடது தோளைத் தூக்கி, தலையை அதன் மேல் சாய்த்து, இரண்டுக்கும் நடுவில் கைபேசியை இடுக்கிக்கொண்டு கேட்டாள். தினம் ஏழு மணி நேரம்.

கழுத்து கோணிப்போனதை முதலில் கண்டுபிடித்தது மருத்துவர் இல்லை, தையல்காரர். அதாவது அவள் கணவர். துறை வருடத்துக்கு இரண்டு நீலச் சட்டைக்குத் துணி கொடுக்கும். அந்த வருடத் துணிக்கு அளவெடுக்கும்போது அவர் டேப்பை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"நேரா நில்லு."

"நேராத்தாங்க நிக்கிறேன்."

"இடது தோள் ஒரு இஞ்ச் மேல நிக்குது. போன வருஷம் கால் இஞ்ச்தான் இருந்துச்சு. துணி சுருங்கிருச்சுன்னு நெனச்சு விட்டுட்டேன்."

அப்போதுதான் அவள், இடது கையில் சுண்டு விரலும் அதற்கு அடுத்த விரலும் கொஞ்ச நாளாக மரத்துக் கிடப்பதையும் சொன்னாள். மருத்துவர் எலும்புப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இன்னும் முழுசா படியல. ஆறு மாசம் போனைக் கழுத்துல இடுக்காம இருங்க, திரும்பிடும். அதைத் தாண்டிப் போச்சுன்னா எலும்பு இந்தக் கோணத்துலயே நின்னுடும். அப்புறம் எங்கிட்ட வந்தும் பிரயோஜனம் இல்ல."

வேலையை விடலாம் என்றால், தையல்காரரின் கடைக்கு மாதத்தில் பாதி நாள் ஈ தவிர வேறு வாடிக்கையாளர் இல்லை. அவர் யோசித்தார். மறுநாள் கடைத்தெருவில், குடையும் சீப்பும் விற்கிற தள்ளுவண்டியில் ஒரு நெக்பேண்ட் வாங்கி வந்தார். கறுப்பு ரப்பர் வளையம், இரண்டு பக்கமும் காதில் செருகும் குமிழ்கள். பேசாத நேரத்தில் குமிழ்கள் ஒன்றையொன்று தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். இருப்பதிலேயே மலிவானது.

அவள் அதைப் போட்டுக்கொண்டு வாசல் கூட்டினாள், துணி காயப்போட்டாள், மாடிப்படி ஏறி இறங்கினாள். வலது குமிழ் கொஞ்சம் லொடலொடத்தது. குரல்கள் பானைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டன. ஆனால் கழுத்தில் கிடப்பதே தெரியவில்லை, இரண்டு கையும் சும்மா இருந்தன. அலுவலகக் கைபேசியோடு அது முதல் தடவையே இணைந்துகொண்டது. ஒன்றரை நாள் அவள் தலையை நிமிர்த்தி உட்கார்ந்து புகார் கேட்டாள். எதிர்ச்சுவரில் ஒரு கடிகாரம் இருப்பதைப் பதினாறு வருடத்தில் முதல் முறையாக நேராகப் பார்த்தாள்.

இரண்டாம் நாள் மதியம் படிவம் வந்தார்.

அவர் மதிப்பீட்டுப் பிரிவின் செயலாளர். எது நடந்தாலும் அதற்கு ஒரு படிவம் வைத்திருப்பார், அதனால் அந்தப் பெயர். நல்ல மனிதர், யாரிடமும் கோபப்பட்டதில்லை. கோபப்படுவதற்குப் படிவம் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"இது என்னம்மா கழுத்துல?"

"நெக்பேண்ட் சார். கழுத்து வலிக்குது, அதுக்காக."

"மதிப்பீடு ஆயிருக்கா?"

"நான் ஒன்றரை நாளா போட்டுப் பாத்துட்டேன் சார். நல்லாத்தான் இருக்கு."

படிவம் பரிவோடு சிரித்தார். "நீங்க போட்டுப் பாத்தா அதுக்குப் பேரு உபயோகம்மா. மதிப்பீடுங்கறது வேற. உபயோகப்படுத்துறவங்க மதிப்பீடு பண்ணா அது ஒருதலைப்பட்சம் ஆயிடும். கழட்டுங்க."

ரசீது கொடுத்தார். 'கழுத்துசார் கம்பியில்லாச் செவிக்கருவி, ஒன்று. நிறம் கறுப்பு. கைப்பற்றியபோது நிலை: வெதுவெதுப்பு.'

பக்கத்தில் நான்காம் மேசை பெருமூச்சு விட்டாள். "அக்கா, காலரைத் தூக்கி விட்டுட்டுப் போட்டிருக்கலாம்ல. நீங்க எதையும் ஒழுங்காத்தான் செய்வீங்க, அதான் உங்க பிரச்சினை."

"இன்னொண்ணு வாங்கிக்கிறேன். என்ன, மலிவுதானே."

அதற்கும் படிவம் பதில் வைத்திருந்தார். ஒரு பொருள் மதிப்பீட்டில் இருக்கும்போது அதே வகைப் பொருள் இன்னொன்று கட்டடத்துக்குள் வந்தால், அதுவும் சான்றுப் பொருளாகச் சேர்க்கப்படும். "எத்தனை வேணா வாங்கிட்டு வாங்கம்மா. எல்லாத்துக்கும் ரசீது தர்றேன்."

அவள் மனு எழுதினாள். மருத்துவர் ஆறு மாதம் கெடு கொடுத்திருப்பதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டாள். துறை அவள் மனுவை ரொம்பவும் மதித்தது. 'மலிவு விலைக் கழுத்துசார் கம்பியில்லாச் செவிக்கருவியின் அன்றாடப் பயன்பாட்டுத் தகுதி மதிப்பீட்டுக் குழு' என்று ஒன்றை அமைத்தது. தலைவர் இயக்குநர், செயலாளர் படிவம், உறுப்பினர்கள் ஏழு பேர். ஏழு பேரில் ஒருவர்கூடப் புகார் அறைப் பக்கம் வந்தவரில்லை என்பதால் குழுவின் நடுநிலைமையில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

முதல் கூட்டத்தில், மனுதாரர் என்ற முறையில் அவளையும் கடைசி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஆராய வேண்டியது அன்றாடப் பயன்பாடு, ஆகவே அன்றாடம் என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்ய வேண்டும் என்றார் படிவம். ஞாயிறு விடுமுறை, அது அன்றாடம் ஆகாது. திங்கள் விடுமுறைக்கு அடுத்த நாள், உடம்பு இன்னும் வேலைக்குத் திரும்பியிருக்காது. வெள்ளியும் சனியும் விடுமுறையை நோக்கிப் போகிற நாட்கள். மிச்சம் மூன்று நாள். அதிலும் காலையில் எல்லாரும் வந்து சேரும் நேரம், தேநீர் நேரம், சாப்பாட்டு நேரம், சாப்பாட்டுக்குப் பின் வரும் அயர்வு நேரம், கிளம்பும் நேரம் எல்லாம் விதிவிலக்கு. மூன்று அமர்வுகளில் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு குழு கண்டுபிடித்தது: அன்றாடம் என்பது செவ்வாய், புதன், வியாழன், பதினொன்று முதல் பதினொன்று நாற்பது வரை.

"யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?" என்றார் இயக்குநர். எல்லாரும் மூன்றாம் மேசையைப் பார்த்தார்கள். அவள் தலை, அதற்கு வேறு வழி இல்லாததால், இடது பக்கம் சாய்ந்திருந்தது.

"மனுதாரர் தலையசைத்துச் சம்மதிச்சாங்க" என்று படிவம் எழுதிக்கொண்டார்.

"நான் அசைக்கல சார். அது அப்படித்தான் இருக்கு."

"சந்தோஷம்மா" என்றார் படிவம்.

அடுத்து, யார் கழுத்தில் போட்டுப் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. அவள் போடக் கூடாது, அவளுக்குக் கழுத்து வலி, அதனால் பாரபட்சம் இருக்கும். கழுத்து வலி இல்லாதவர்கள் போடலாம் என்றால், அவர்கள் பின்னால் வலி வந்து வழக்குப் போட்டுவிடக் கூடும். வலியும் வராத, வழக்கும் போடாத, நேரான, எல்லா வேலைநாளும் தவறாமல் அலுவலகம் வருகிற ஒரு கழுத்து வேண்டும். குழு கட்டடம் முழுக்கத் தேடியது. கடைசியில் நுழைவாயிலில் இருந்த துறை நிறுவனரின் மார்பளவுக் கற்சிலையில் போய் நின்றது.

மறுநாள் காலை மூன்றாம் மேசை உள்ளே நுழையும்போது, தன்னுடைய நெக்பேண்ட் நிறுவனரின் கல் கழுத்தில் தொங்குவதைப் பார்த்தாள். குமிழ்கள் காதில் நிற்காததால் பசைநாடா போட்டு ஒட்டியிருந்தார்கள். அந்தக் கழுத்துதான் எவ்வளவு நேராக இருந்தது என்று அவளுக்குப் பொறாமையாகவே இருந்தது.

செவ்வாய், புதன், வியாழன் பதினொரு மணிக்குப் படிவம் வந்து சிலையின் கழுத்தில் பொத்தானை அழுத்துவார். பதினொன்று நாற்பதுக்கு அணைத்து, உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைப்பார். பேட்டரி பன்னிரண்டாவது வாரம் செத்தது. அறிக்கையில் 'ஒரு முறை சார்ஜ் செய்தால் மூன்று மாதம் தாங்குகிறது' என்று ஏறியது. 'அணிந்திருந்தவர் கழுத்து வலி குறித்து ஒரு புகாரும் தெரிவிக்கவில்லை' என்றும் ஏறியது. வியர்வையைத் தாங்குமா என்று பார்க்கச் சிலை வியர்க்க வேண்டுமே. தண்ணீர் தெளிக்கலாம் என்று முடிவானது. ஆனால் குடிநீர் வழங்கல் துறையின் தலைமையகத்தில் அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை. படிவம் புகார் அறைக்குப் போன் செய்தார். இரண்டாம் மேசை "சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

இப்படியாக நான்கு மாதம் போயிற்று. மூன்றாவது விரலும் மரத்தது. பேனா வலது கையில் என்பதால் வேலை பாதிக்கப்படவில்லை என்று மேற்பார்வையாளர் அவள் கோப்பில் குறித்து வைத்தார். காலையில் தலைவாரும்போது கூந்தலை இடது கையில் பிடிக்க முடியாமல், கணவர்தான் பின்னால் நின்று பின்னிவிட்டார். துணியைப் பிடித்துப் பழகிய கை, பின்னல் இறுக்கமாக வந்தது. "இன்னும் ரெண்டு மாசம் இருக்கு" என்றார் அவர்.

ஐந்தாவது மாதம் கூட்டத்தில் இயக்குநர் அந்த நெக்பேண்டின் அட்டைப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். குரல் வளமான மனிதர். நின்று பேசினால் உட்காருவதற்கு நேரமாகும்.

"இந்தப் பெட்டியில ஒரு வசதி போட்டிருக்கான். வெளிச் சத்தத்தைக் குறைக்கும்னு. எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா எது வெளிச் சத்தம்? யார் முடிவு பண்றது? நான் இருபத்திரண்டு வருஷமா இந்தத் துறையில இருக்கேன். அனுபவத்துல சொல்றேன், இந்தக் கட்டடத்துக்கு வெளியில இருந்து வர்றது எல்லாமே வெளிச் சத்தம்தான். நாம ஒவ்வொருத்தரும் அதைக் கேக்காம இருக்க எவ்வளவு பாடுபட்டிருக்கோம். கதவு வச்சோம், கதவுக்கு வெளியில ஆள் வச்சோம், ஆளுக்கு முன்னால பெஞ்சு போட்டோம். இத்தனையும் செய்யற வேலையை இந்தச் சின்ன ரப்பர் வளையம் தானா செய்யுதுன்னா, இது சாதாரணப் பொருள் இல்ல."

கைதட்டினார்கள். மூன்றாம் மேசையும் தட்டினாள், மூன்று விரல் போக மிச்சத்தால். காரணம் எதுவாக இருந்தால் என்ன, இவருக்குப் பிடித்துவிட்டது, சாமான் கைக்கு வந்துவிடும் என்று அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள்.

ஆனால் உயர்மட்ட அன்றாடப் பயன்பாடு என்று ஒன்று பாக்கி இருந்தது. அதை இயக்குநர் தன் தலையில் தானே தூக்கிப் போட்டுக்கொண்டார். நெக்பேண்டை வீட்டுக்கு எடுத்துப் போய் சார்ஜ் போட்டு, காலையில் நடைப்பயிற்சிக்கு அணிந்து, பழைய பாட்டுகள் கேட்டார். மாலையிலும் கேட்டார். இரண்டாவது வாரத்திலிருந்து அலுவலகத்துக்கும் அணிந்து வந்தார். அவர் நடையில் ஒரு துள்ளல் தெரிந்ததாகச் சொன்னார்கள்.

இப்போது ஒரு சங்கதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நெக்பேண்ட் ஒன்றரை நாள் இணைந்திருந்தது மூன்றாம் மேசைக் கைபேசியோடு. மலிவுச் சாமானுக்கு மறதி கிடையாது. பக்கத்தில் வந்தால் போதும், பழைய துணையோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். சிலை இருந்த இடம் தூரம். இயக்குநரின் அறை நான்காவது மாடி. பொறுப்புக்கு வந்த நாளிலிருந்து அவர் புகார் அறைக்குள் கால் வைத்ததில்லை. அதனால் ஐந்து மாதமாக ஒன்றும் ஆகவில்லை.

அன்றைக்கு மின்தூக்கி பழுது. படிக்கட்டுக்குப் போகிற வழி புகார் அறையின் ஊடாக. இயக்குநர் காதில் குமிழோடு, தலையை லேசாக ஆட்டிக்கொண்டு உள்ளே வந்தார். மேசைகள் எழுந்து நின்றன. அந்த நேரம் பார்த்து மூன்றாம் மேசைக் கைபேசி அடித்தது. அவள் பழக்கத்தில் பொத்தானை அழுத்திக் கழுத்தில் இடுக்கினாள். கைபேசியில் சத்தமே இல்லை. நிமிர்ந்தால், அறையின் நடுவில் இயக்குநர் சிலையாக நின்றார்.

"யாரு? யாரு பேசறது?" என்றார் அவர், காற்றைப் பார்த்து.

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று அறைக்குத் தெரியவில்லை. இயக்குநரின் முகத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"ஒன்பது நாளா? ... இல்லம்மா, நான் இல்ல, நான் வந்து... சரி. ... குழந்தையைக் குளிப்பாட்டவா? ... நாலு மாடி தூக்கிட்டு ஏறுறீங்களா? குடத்துலயா? ... அழாதீங்கம்மா. ... ஏம்மா, என்னை எதுக்குத் திட்டறீங்க?"

குமிழைப் பிடுங்கி எறிந்தால் தீர்ந்தது. அந்த யோசனை அவருக்கு வரவில்லை. புகார் என்று ஒன்று நேரே வந்து காதில் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான்கு நிமிடம் நின்று கேட்டார். நெற்றி வியர்த்தது, வியர்வை ரப்பரில் இறங்கியது, நெக்பேண்ட் அதைத் தாங்கியது. பிறகு இரண்டாம் மேசை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அந்த நான்கு நிமிடமும் மூன்றாம் மேசையின் கழுத்தில் ஒன்றும் இல்லை. கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, தன்னால் முடிந்த அளவு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா" என்று கிசுகிசுத்தாள் நான்காம் மேசை. "அவரே கேட்டுட்டாரு. இனிமே ஏதாவது நடக்கும் பாருங்க."

மூன்றாம் மேசையும் அப்படித்தான் நம்பினாள். அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அன்று மாலை வீட்டில் கணவரிடம், "அந்தம்மா அழுதது அவரு காதுல விழுந்திருச்சுங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். புது நீலத்துணி வந்தால் உடனே வெட்ட வேண்டாம், தோள் இறங்கினாலும் இறங்கும், கொஞ்சம் பொறுத்துத் தைக்கலாம் என்றும் சொன்னாள். அவரும் கத்தரிக்கோலை எடுத்து உள்ளே வைத்தார்.

ஏதோ நடக்கத்தான் செய்தது. ஆறாவது மாதத்தின் கடைசி வாரம் இறுதிக் கூட்டம் கூடியது. இயக்குநர் கொஞ்சம் இளைத்திருந்தார். சாட்சியம் சொல்வது போல எழுந்து நின்றார்.

"நண்பர்களே, நான் நேரடியாப் பாதிக்கப்பட்டவன். ஒரு புகார், இடையில எந்தப் பதிவேடும் இல்லாம, எந்தக் கையெழுத்தும் இல்லாம, நேரா என் காதுக்கு வந்துச்சு. வந்தது மட்டுமில்ல, எனக்குப் புரியவும் செஞ்சுது. ரெண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கல. ஒரு புகார் கீழ இருந்து மேல வர்றதுக்கு நாம எட்டுப் படி வச்சிருக்கோம். ஒவ்வொரு படியிலயும் அது கொஞ்சம் கொஞ்சமா ஆறி, கடைசியில எங்கிட்ட ஒரு எண்ணா வந்து சேருது. எண்ணா வந்தா நான் நடவடிக்கை எடுக்க முடியும். அழுகையா வந்தா நான் என்ன பண்றது? இந்தக் கருவியில இருக்கிறது சின்னக் குறை இல்ல. துறையோட அஸ்திவாரத்துலயே கை வைக்கிற குறை."

அந்த ஒன்பது நாள் வீட்டுக்குத் தண்ணீர் போயிற்றா என்று மூன்றாம் மேசை கேட்டாள். அது இந்தக் குழுவின் வரம்புக்குள் வராது என்று படிவம் மென்மையாகச் சொன்னார். மேலும், அந்தப் புகாரை யாரும் எழுதிக்கொள்ளாததால் அது வந்ததாகவே துறை கருதவில்லை.

பிறகு படிவம் ஒப்பீட்டு அறிக்கையை எடுத்தார். எந்த மதிப்பீட்டிலும் இரண்டு கருவிகளை ஒப்பிட வேண்டும் என்பது விதி. இரண்டாவது நெக்பேண்ட் இல்லாததால், தற்போது நடைமுறையில் இருக்கும் முறையையே ஒப்பீட்டுக்கு எடுத்திருந்தார்கள். ஆறு மாதமாகப் படிவம் புகார் அறைக் கதவிடுக்கில் நின்று குறிப்பெடுத்த விஷயம் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"முதல் கருவி, செவிக்கருவி. சார்ஜ் தேவை. ரெண்டாவது, மூன்றாம் மேசையின் கழுத்தும் தோளும். சார்ஜ் தேவையில்லை. முதல் கருவி தவறான ஆளோட இணைஞ்சுக்குது. ரெண்டாவது, பதினாறு வருஷத்துல ஒரு தடவைகூட வேற யாரோடயும் இணையல. முதலாவதோட வலது குமிழ் லொடலொடங்குது. ரெண்டாவதுல பிடிமானம் வருஷத்துக்கு வருஷம் கூடிட்டே வந்திருக்கு, இப்ப ஏறக்குறைய நிரந்தரம். வியர்வை தாங்கும். கீழ விழாது. முதலாவதுக்கு உத்தரவாதம் ஒரு வருஷம். ரெண்டாவதுக்குப் பணி ஓய்வு வரைக்கும்." தாளைத் திருப்பினார். "அன்றாடப் பயன்பாட்டுக்கு உகந்தது ரெண்டாவது கருவிதான்னு குழு ஒருமனதாப் பரிந்துரைக்குது. மற்ற பதினொரு மேசைகள்ல இந்த முறை சரியாக் கடைப்பிடிக்கப்படலங்கறதும் தெரிய வந்திருக்கு."

மூன்றாம் மேசை எழுந்தாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தது. பதினாறு வருடத்தில் அலுவலகத்தில் அவளுக்கு வந்த முதல் கோபம் அது, எப்படிக் கையாள்வது என்று தெரியவில்லை.

"சார், எனக்கு வலிக்குது. அது முறை இல்ல சார், அது என் கழுத்து. கையில மூணு விரல் இல்லாத மாதிரி இருக்கு. நான் வாங்கின சாமானைக் குடுத்துடுங்க, நான் பாட்டுக்குப் போட்டுட்டு வேலை பாக்கறேன். எனக்கு இதுல சம்மதம் இல்ல."

இயக்குநர் அவளை உற்றுப் பார்த்தார். அவள் தலை இடது தோளில் பணிவாகச் சாய்ந்திருந்தது.

"எவ்வளவு அடக்கமான பெண்மணி" என்றார் அவர், உண்மையாகவே நெகிழ்ந்துபோய். "பாராட்டுனா கூச்சப்படறாங்க."

"தலையசைத்துச் சம்மதம்" என்று படிவம் எழுதினார்.

உத்தரவு இரண்டு நாளில் வந்தது. ஒன்று, எல்லா மேசைக் கைபேசிகளிலும் புளூடூத் நிரந்தரமாக அடைக்கப்படும். இரண்டு, அதனால் சான்றுப் பொருள் இனி யாருக்கும் ஆபத்தில்லாதது என்பதால், அது இயக்குநரின் நடைப்பயிற்சிக்கு ஒதுக்கப்படும். மூன்று, புகார் அறை ஊழியர் அனைவரும் செவ்வாய், புதன், வியாழன் பதினொரு மணி முதல் நாற்பது நிமிடம் மூன்றாம் மேசையிடம் கழுத்துப் பயிற்சி பெற வேண்டும். நான்கு, பயிற்சி விரைவில் பலன் தரும் என்பதால், இந்த ஆண்டுச் சீருடையில் இடது தோள் அதற்கேற்ப உயர்த்தித் தைக்கப்படும்.

முதல் செவ்வாய்க்கிழமை, பதினொரு மேசைகளும் தோளைத் தூக்கித் தலையைச் சாய்த்துக் கைபேசியை இடுக்கிக்கொண்டு நின்றன. யாரும் கேட்கவில்லை, இடுக்கத்தான் கற்றுக்கொண்டார்கள். படிவம் கோணமானி வைத்து ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நான்காம் மேசை மூன்று பாகை குறைந்தாள்.

"மன்னிச்சுக்குங்க அக்கா" என்று சாய்ந்த வாக்கில் சொன்னாள் அவள். எதற்காக என்று சொல்லவில்லை. மூன்றாம் மேசை அவள் தாடையில் கைவைத்து, மூன்று பாகை அழுத்திவிட்டாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று மாலை மருத்துவர் எலும்புப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, அடுத்து வர வேண்டிய தேதியைக் குறிக்காமல் உறையில் திருப்பிப் போட்டார். அங்கிருந்து அவள் கணவரின் கடைக்குப் போனாள். கையில் பெரிய நீலத்துணிக் கட்டு இருந்தது. தையல்காரர் அதைப் பார்த்து எழுந்தார்.

"என்ன இவ்வளவு துணி?"

"பன்னெண்டு பேருக்கு. தைக்கிற வேலையை உங்களுக்கே குடுத்திருக்காங்க."

வெகுநாளைக்கப்புறம் கடைக்கு வந்த பெரிய வேலை. அவர் முகம் ஒரு கணம் மலர்ந்துவிட்டது, அதை அவள் பார்த்தாள். அளவுப் புத்தகத்தைத் திறந்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"சரி, நாளையில இருந்து ஒவ்வொருத்தரா வரச் சொல்லு."

"யாரும் வர வேண்டாமாம்."

"அப்புறம் அளவு?"

அவள் துணிக்கட்டை மேசையில் வைத்தாள். அவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

"எடுங்க" என்றாள்.

அவர் டேப்பை எடுத்து அவள் கழுத்திலிருந்து இடது தோளுக்கு வைத்தார். ஒன்றரை இஞ்ச். குறித்துக்கொண்டார். இந்த முறை அவர் நேராக நிற்கச் சொல்லவில்லை.